வாக்குத்தத்த வசனம்

வாக்குத்தத்த வசனம் என்பது பைபிளில் உள்ள ஒரு வசனத்தைக் கடவுள் தமக்குத் தந்த உறுதிமொழியாக ஏற்று, ஒரு நாளோ ஒரு மாதமோ ஓர் ஆண்டு முழுவதுமோ அதை மனத்தில் வைத்து வாழும் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கமாகும். அந்த வசனம் அச்சிடப்பட்ட சிறு அட்டைக்கும் இதே பெயர் வழங்குகிறது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. கத்தோலிக்கரிடையே நாள்தோறும் திருப்பலிக்குக் குறிக்கப்பட்ட வாசகங்களே அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்புகின்றன.

சொல்

'வாக்குத்தத்தம்' வடமொழி வழி வந்த சொல். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. வாக்கால் கொடுக்கப்பட்டது வாக்குத்தத்தம். அன்றாடப் பேச்சில் இச்சொல் இன்று அநேகமாகக் கிறிஸ்தவர்களிடம் மட்டுமே வாழ்கிறது. மற்றவர்கள் வாக்குறுதி என்றோ, வாக்குக் கொடுத்தார் என்றோ சொல்லி விடுகிறார்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பும் வாக்குறுதி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு வாக்தானம் என்பர். தத்தமும் தானமும் ஒரே வேரில் பிறந்தவை. எனவே மூன்று மொழியும் கலந்து புழங்கும் ஓசூர்ப் பகுதியில் இந்தச் சொல்லுக்கு யாரும் யாருக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் 'வாக்குறுதி' என்பதற்கெனத் தனிப் பெயர்ச்சொல் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 'சொல்' என்ற பொதுச் சொல்லே அங்கு வருகிறது. கடவுள் சொன்னார் என்றாலே அது கொடுத்த வாக்குத்தான் என்பது அம்மொழியின் போக்கு.

பைபிளில் எத்தனை வாக்குத்தத்தங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் கிச்சனர் நகரைச் சேர்ந்த எவரெட் ஸ்டார்ம்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1950களில் இதற்கென்றே பைபிளை முதலிலிருந்து கடைசி வரை படித்து, கடவுள் மனிதருக்குத் தந்தவை 7,487 என்று கணக்கிட்டார். எதை வாக்குத்தத்தம் என்று கொள்வது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும் என்பதால், இதை முடிந்த கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆசிரியரின் பொறுமைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

நடைபெறும் விதம்

டிசம்பர் 31 இரவு நடைபெறும் ஆண்டிறுதி ஆராதனையில் நள்ளிரவு மணி அடித்துப் புத்தாண்டு பிறந்ததும், வசன அட்டைகள் ஒரு தட்டில் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. குடும்பத்துக்கு ஒன்றாகவோ ஆளுக்கு ஒன்றாகவோ வரிசையில் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். சில சபைகளில் சபை முழுமைக்கும் ஒரே வசனத்தைப் போதகர் அறிவிப்பார். மாதத்தின் முதல் நாள் அதிகாலையில் கூடி அந்த மாதத்துக்கான வசனத்தைப் பெற்றுக்கொள்வதும் பல இடங்களில் உண்டு.

வீட்டுக்கு வந்த அட்டை பீரோக் கதவிலோ பூஜ்ய வாட் விளக்கின் கீழோ ஒட்டப்படுகிறது, அல்லது பைபிளுக்குள் அடையாளத் தாளாகச் செருகப்படுகிறது. தேதி கிழிக்கும் நாட்காட்டியில் நாளுக்கொரு வசனம், வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒரு வசனம், வீட்டுப் பெயராக எபெனேசர் அல்லது பெத்தேல் என்று இதே பழக்கம் பல வடிவம் எடுக்கிறது. எபெனேசர் என்பது 1 சாமுவேல் 7:12-இல் வரும் 'உதவியின் கல்'. அதுவரை கிடைத்த உதவிக்கு அடையாளமாகச் சாமுவேல் நட்ட கல் அது. இப்போது நாளுக்கொரு வசனம் விடியுமுன் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. ஒரே வசனம் ஐந்து உறவினர்களிடமிருந்து ஐந்து விதமான பூப்படத்தோடு வருவதும் உண்டு.

வரலாறு

நாளுக்கொரு வசனம் என்ற பழக்கத்தின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி மொராவியாவிலிருந்து வந்த அகதிகளுக்குச் சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுத்தார். 1728 மே 3 அன்று மாலைக் கூட்டத்தில் அவர் மறுநாளுக்கென ஒரு வாசகத்தைக் கொடுத்தார். அதன்பின் நாள்தோறும் காலையில் ஒருவர் வீடு வீடாகச் சென்று அன்றைய வாசகத்தைச் சொல்லி வருவது வழக்கமாயிற்று. அப்படிப் போனவர் வாசகத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. வீட்டில் நோயாளி உண்டா, என்ன குறை என்று கேட்டறிந்து சபைக்கும் தெரிவித்தார். 1731 ஆண்டுக்கென அவ்வாசகங்கள் முதன்முறையாக நூலாக அச்சாயின. அன்றுமுதல் இன்றுவரை ஆண்டுதோறும் அந்நூல் வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனம் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுப் போட்டு எடுக்கப்படுகிறது. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் ஆராய்ந்து தேர்கிறார்கள்.

சின்சென்டார்ஃப் ஹாலே நகரப் பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு அச்சுப்பொறியும் எழுத்தும் அனுப்பி உதவியதும் அதே ஹாலேதான். அவ்வூரில் கல்வி கற்ற போகாட்ஸ்கி என்பவர் 1718-இல் வெளியிட்ட 'பொற்கருவூலப் பெட்டி' என்னும் பொருளுடைய தியான நூல் பல மொழிகளில் பரவியது. தலைப்பில் பெட்டி என்று இருந்தது போலவே, பின்னாளில் வசனத் தாள்களை ஒரு சிறு பெட்டியில் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக எடுக்கும் பழக்கமும் ஐரோப்பிய வீடுகளில் தோன்றியது. மொராவிய சகோதரர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கே வந்து தங்கினார்கள்.

ஆண்டிறுதி இரவு விழிப்புக்கு வேறொரு கிளைக் கதை உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், முன்பு சாராயக் கடையில் கழித்த இரவுகளை 1740களின் தொடக்கத்தில் ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்கத் தொடங்கினர். ஜான் வெஸ்லி அதை ஆதரித்து மெதடிஸ்டு சங்கங்களுக்கெல்லாம் பரப்பினார். இன்று ஆலையும் ஷிப்டுமாக இருக்கும் ஊர்களில் இந்த இரவு ஆராதனைக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. அது தொடங்கியதே அழுக்கு உடையோடு வந்த தொழிலாளரிடம்தான்.

கயிறு சாத்துதலும் சீட்டு எடுத்தலும்

புனித நூலைத் திறந்து அதில் கண்ணில் பட்டதைத் தமக்கான சொல்லாகக் கொள்வது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. சைவர்களிடையே திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. சுவடிக் கட்டின் ஏடுகளுக்கிடையே கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டிலுள்ள பதிகத்தைத் தம் கேள்விக்கு விடையாகக் கொள்வார்கள். தமிழ் மண்ணில் இது பழகிய மனநிலை என்பதால் வாக்குத்தத்த அட்டையும் எளிதில் வேர் பிடித்தது எனலாம்.

கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இது குறித்து இரு கருத்துகள் தொடக்கத்திலிருந்தே உள்ளன. 386-இல் மிலான் நகரில் மனப் போராட்டத்தில் இருந்த அகஸ்தீன், நூலைத் திறந்து கண்ணில் பட்ட ரோமர் 13-ஆம் அதிகாரப் பகுதியைப் படித்து வாழ்வையே மாற்றிக்கொண்டார். அதே அகஸ்தீன் ஆயரான பின், கி.பி. 400 அளவில் எழுதிய ஒரு கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைக் குறி பார்ப்பதற்குப் பயன்படுத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்றார். பேய்களிடம் போய்க் கேட்பதைவிட இது பரவாயில்லை என்ற அளவுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார். உலக விவகாரங்களுக்கு, அதாவது கொடுக்கல் வாங்கலுக்கும் பயணத்துக்கும், மறுமையைப் பற்றிப் பேசும் நூலைத் திருப்புவது அவருக்கு உறுத்தியது. 506-இல் பிரான்சின் ஆக்டே நகரில் கூடிய சங்கம் இப்பழக்கத்தைத் தடையே செய்தது. தடை செய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு பரவியிருந்தது என்று தெரிகிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

இப்பகுதியின் கிறிஸ்தவம் பழையது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கப்பட்டினத்தை மையமாகக் கொண்டு இயேசு சபையினர் நடத்திய மைசூர் மிஷனோடு இதற்குத் தொடர்பு உண்டு. எலத்தகிரி போன்ற ஊர்களில் கத்தோலிக்கர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கிருஷ்ணகிரி இன்று 1997-இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. லுத்தரன் வரலாற்றில் கிருஷ்ணகிரிக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை வெளிநாட்டில் தொடங்கிய முதல் மிஷன் 1895-இல் இங்குதான் தொடங்கியது. அதைத் தொடங்கிய தியோடர் நேத்தர் 1904-இல் பிளேக் நோயால் இறந்தார்.

நேத்தர் பின்பற்றிய லுத்தரன் மரபில் அன்றாட விசுவாசத்துக்கு வேறொரு கருவி இருந்தது. அது மார்ட்டின் லூதர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். அதில் காலைக்கும் இரவுக்கும் ஒவ்வொரு சிறு ஜெபம் உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போக வேண்டும் என்றும், இரவு ஜெபம் முடிந்ததும் தாமதிக்காமல் தூங்க வேண்டும் என்றும் லூதர் வழிகாட்டுகிறார். தூங்குவதைப் பக்தியில் சேர்த்த அறிவுரை இரவு ஷிப்டு முடிந்து வருபவர்களுக்கு இன்றும் பொருந்தும். ஜெர்மன் லுத்தரன் சபைகளில் திடப்படுத்தலின்போது பிள்ளைக்கு ஒரு வசனம் கொடுப்பார்கள். அது சீட்டில் வருவதன்று. பிள்ளையை அறிந்த போதகர் யோசித்துத் தேர்வது.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தது. அடுத்த பத்தாண்டில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் ஆகிய பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் வந்தன. பெங்களூருவுக்கு 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்லை ஊர் தொழில் நகராயிற்று. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்கள் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர் ஏறத்தாழ 47 விழுக்காடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2 விழுக்காடு அளவில்தான். தெருவுக்கு ஒரு ஆலயமும் மணியோசையும் உள்ள ஊரிலிருந்து வந்தவருக்கு இந்த வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். சொந்த ஊரில் ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகாவிட்டால் பாட்டி கேட்பார். இங்கே நான்கு பேர் தங்கும் வாடகை அறையில் கேட்பதற்கு ஆள் இல்லை.

ஷிப்டு முறை மற்றொரு சிக்கல். முதல் ஷிப்டு விடியற்காலையில் தொடங்குகிறது. இரண்டாவது மாலைக் கூட்டத்தை விழுங்கிவிடுகிறது. மூன்றாவது இரவையும் மறுநாள் காலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. வார விடுமுறை எல்லாருக்கும் ஞாயிறாக இருப்பதும் இல்லை. இத்தகைய வாழ்வில், சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டையும் கைப்பேசியில் வரும் ஒரு வசனமும் ஆலயத்தின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. ஒரு வசனத்தைப் படிக்க நிறுவனப் பேருந்து வரும்வரை நிற்கும் ஐந்து நிமிடம் போதும்.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒருவருக்கு ஜனவரி முதல் நாளில் உயர்வைக் குறிக்கும் வசனம் வருகிறது என்று கொள்வோம். அதை அவர் வேலை நிரந்தரமாகும் என்ற அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார். ஜூனில் ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பப்பட்டால், போனது வேலை மட்டும் அன்று. கடவுள் வாக்குத் தவறினார் என்றோ, தன் விசுவாசம் குறைவு என்றோ அவர் எண்ணத் தொடங்குகிறார். இரண்டாவது எண்ணம் முதலாவதைவிடக் கொடியது. சுற்றியுள்ளவர்கள் சிலர் அதையே ஆறுதல் என்ற பெயரில் சொல்லியும் விடுவார்கள்.

எரேமியா 29

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் வசனங்களுள் ஒன்று எரேமியா 29:11. கடவுள் தம் மக்களைக் குறித்து நினைத்திருப்பவை தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்பது அதன் கருத்து. இவ்வசனம் ஒரு கடிதத்தின் பகுதி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. கி.மு. 597-இல் அரசனோடு சேர்த்துக் கொண்டுபோகப்பட்டவர்களில் தச்சரும் கொல்லரும் இருந்ததாக அக்கடிதத்தின் தொடக்கமே கூறுகிறது. கைத்தொழில் தெரிந்தவர்களைப் பார்த்து அழைத்துப்போனான் பாபிலோன் அரசன்.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி வருகிறான். எல்லாம் இரண்டே ஆண்டில் சரியாகிவிடும், போனவர்கள் திரும்புவார்கள் என்று அவன் ஆலயத்தில் அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். மக்கள் கேட்க விரும்பியதும் அதுதான். எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டு என்கிறது. புகழ்பெற்ற 11-ஆம் வசனத்துக்கு நேர் முன்னே, 10-ஆம் வசனத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. அதாவது, அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்ட பெரியவர்களில் மிகப் பலர் அது நிறைவேறுமுன்பே பாபிலோனில் இறந்திருப்பார்கள்.

அதுவரை என்ன செய்வது என்பதை 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன. வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். தோட்டம் போட்டு அதன் பலனை உண்ண வேண்டும். பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைக்க வேண்டும். கொண்டுபோகப்பட்ட அந்த அந்நிய நகரத்தின் நலனைத் தேடி, அதற்காக ஜெபிக்க வேண்டும். நகரம் நன்றாக இருந்தால்தான் அவர்களும் நன்றாக இருப்பார்கள். பிழைப்புக்காக ஓசூருக்கு வந்தவர் இப்பகுதியைச் சேர்த்துப் படித்தால், அட்டையில் உள்ள ஒற்றை வசனத்தைவிடப் பெரிய ஒன்று கிடைக்கும். ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணி அறையில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டே வாழ வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோடும் தெலுங்குக்காரரோடும் பழகலாம். தெருக் குழாய்க்கும் பள்ளிக்கும் மற்றவர்களோடு போய் மனுக் கொடுக்கலாம். உடன் வேலை செய்பவருக்கு இரத்தம் தேவைப்பட்டால் முதல் ஆளாகப் போகலாம். இவையெல்லாம் அந்தக் கடிதத்தின் வரம்புக்குள் வருபவையே.

அட்டையில் வராதவை

அச்சிடுவோர் தேர்ந்தெடுக்கும் வசனங்களில் ஒரு சாய்வு தெரிகிறது. உபாகமம் 28-இல் முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம், எஞ்சிய 54 வசனங்கள் சாபம். அட்டைகள் 14-ஐத் தாண்டுவதே இல்லை. அந்த ஆசீர்வாதங்களுக்கு முன்னால் நிற்கும் நிபந்தனையும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. பிலிப்பியர் 4:13 தேர்வெழுதப் போகும் மாணவரின் கைக்குட்டை வரை வந்துவிட்டது. அதைப் பவுல் எழுதியது காவலில் இருந்துகொண்டு. பசியோடு இருக்கவும் நிறைவோடு இருக்கவும் கற்றுக்கொண்டதைப் பற்றி முந்தைய வசனத்தில் பேசிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். யோவான் 16:33-இல் இயேசு சீடர்களுக்கு உலகத்தில் துன்பம் உண்டு என்று உறுதியாகச் சொல்கிறார். அதுவும் வாக்குத்தத்தமே. அந்த வசனத்தின் ஆறுதல் பாதி அட்டையில் வரும், துன்பப் பாதி வராது.

91-ஆம் சங்கீதம் இன்னொரு எடுத்துக்காட்டு. பயணத்துக்கு முன் அதை வாசிக்காத வீடு குறைவு. மத்தேயு 4-இல் இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் சோதனைக்காரன் மேற்கோள் காட்டுவதும் இதே சங்கீதத்தைத்தான். வசனம் சரியானது, இடம் தவறானது. இயேசு வேறொரு வசனத்தால் அதற்கு விடை கூறுகிறார். தலைக்கவசம் இல்லாமல் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவரின் பெட்ரோல் டேங்கில் 91-ஆம் சங்கீதம் ஒட்டியிருப்பதைக் காணும்போது இப்பகுதி நினைவுக்கு வராமல் போகாது.

எதிர்பாராமல் கண்ணில் பட்ட வசனம் ஒருவரை ஆபத்தை நோக்கியே நடத்திய நிகழ்வும் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஹெர்ன்ஹூட்டின் அன்றாட வாசகங்களை நாள்தோறும் படித்து வந்தவர். 1939-இல் நண்பர்கள் அவரை ஹிட்லரின் ஆட்சியிலிருந்து காப்பாற்ற நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். அங்கே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜூன் 26 அன்று தற்செயலாக 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தைப் படித்தபோது, குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்ளும் இடம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதைத் தமக்குச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அந்த வசனம் எந்த அட்டையிலும் அச்சாவதில்லை. அது கடிதத்தின் முடிவில் வரும் சாதாரண வேண்டுகோள்.

அட்டையின் பின்பக்கம்

ஆண்டு முடிந்தபின் பழைய அட்டையைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வருவதில்லை. பைபிளின் நடுவில் அவை சேர்ந்துகொண்டே போகின்றன. சில குடும்பங்களில் அட்டையின் பின்பக்கத்தில் அந்த ஆண்டு நடந்ததைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தது, அப்பா இறந்தது, வேலை போனது, வேறு ஆலையில் சேர்ந்தது, அறுவைச் சிகிச்சை நடந்த தேதி என்று ஓரிரு வரி மட்டும். முன்பக்க வசனத்துக்கும் பின்பக்கக் குறிப்புக்கும் சில ஆண்டுகளில் பொருத்தம் தெரியும், சில ஆண்டுகளில் தெரியாது. பொருந்தாத அட்டைகளையும் அவர்கள் எடுத்துப் போடாமல் ஆண்டு வரிசைப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.